கோட்டையைச் சுற்றி மூன்று வலம்

ஹம்பேர்க்கில் ஒரு தமிழ்க் கலியாணத்துக்கு நாள் வைத்துவிட்டால் முதலில் மண்டபத்தைப் பிடிப்பார்கள், அடுத்ததாகச் சுந்தரேஸ்வரியைப் பிடிப்பார்கள். அதற்குப் பிறகு மாப்பிள்ளையை மாற்றிய குடும்பங்கள்கூட உண்டு. சுந்தரேஸ்வரியை மாற்றியவர்கள் இல்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை அவள் ஒரு சலவைச்சாலையில் வேலை செய்தாள். பெரிய விடுதிகளின் மேசை விரிப்புகளும் படுக்கை விரிப்புகளும் அங்கே வந்து குவியும். ஆவி பறக்கும் உருளைக்குள் அவற்றைச் சுருக்கம் விழாமல் கொடுத்து எடுப்பது அவள் வேலை. சனி ஞாயிறு வந்தால் மணப்பெண்களை அலங்கரித்து வெளிக்கிடுத்தப் போய்விடுவாள். இந்த இரண்டாவது தொழில் தற்செயலாக வந்தது. தொண்ணூற்றிரண்டில் டோர்ட்முண்டில் ஒரு கலியாணத்துக்கு விருந்தாளியாகப் போயிருந்தாள். அலங்காரம் செய்ய வரவேண்டியவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். பெண்ணின் தாய் அழத் தொடங்கியபோது, "நான் கட்டிப் பாக்கட்டோ?" என்று கேட்டவள் சுந்தரேஸ்வரி. விரிப்பு அழுத்திப் பழகிய கையல்லவா, கூறைச்சீலையின் கொய்யக மடிப்பு அளவுகோல் வைத்ததுபோல விழுந்தது. அன்றிலிருந்து பதினைந்து ஆண்டுகள், முந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள். எல்லாக் கலியாணத்திலும் பெண்ணுக்குப் பின்னால் ஊசியும் சீப்புமாக நின்றவள் அவள். எந்தச் சடங்குக்குப் பிறகு எது வரும், ஐயர் எந்த இடத்தில் அவசரப்படுவார், எந்த இடத்தில் மறப்பார் என்பதெல்லாம் அவளுக்குப் பாடமாகிவிட்டது.

அந்தப் பதினைந்து ஆண்டுகளில் கலியாணங்களும் வளர்ந்தன. முதலில் நானூறு பேர், பிறகு எண்ணூறு பேர். பிறகு குதிரை வண்டி வந்தது. ஹம்பேர்க் பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த நாகமுத்து, தன் மச்சானின் மகன் வெள்ளைக் குதிரை வண்டியில் வந்து இறங்கியதைக் கண்ட நாளிலிருந்து நிம்மதி இழந்தார். அவருக்கு ஒரே மகள் ஆதிரை. குதிரையை வெல்ல வேண்டும். யானைக்கு ஜேர்மனியில் அனுமதி எடுப்பது கஷ்டம். இந்த யோசனையோடு பல் பிடுங்கப் போனவர், பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் கிடந்த ஒரு சஞ்சிகையில் விடையைக் கண்டார்.

இரண்டாயிரத்தேழு தை மாதம் அவர் சுந்தரேஸ்வரியின் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, வைகாசியிலை ஆதிரையின்ரை கலியாணம். நீதான் வெளிக்கிடுத்த வேணும்."

"அதுக்கென்ன அண்ணை. எந்த மண்டபம்?"

"மண்டபமோ?" நாகமுத்து சிரித்தார். "இப்ப ஆர் மண்டபம் எடுக்கினம்? கோட்டை. அயர்லாந்திலை, நாட்டுப்புறத்திலை, கல்லாலை கட்டின கோட்டை."

"ஏன் அண்ணை, அங்கை உங்கடை சொந்தக்காரர் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை. அதுதானே அதின்ரை சிறப்பு."

கோட்டைக்குள் நாற்பத்தொரு பேருக்குத்தான் இடம். ஆகவே அழைப்புப் பட்டியலுக்கு முன்பே அழைக்கப்படாதவர்களின் பட்டியல் எழுதி முடிக்கப்பட்டது. அதில் முதல் பெயர் குதிரை வண்டி மச்சானுடையது. அழைக்கப்படாதவர்கள் எல்லோரையும் ஆனி மாதம் ஹம்பேர்க்கில் ஒரு பெரிய மண்டபத்துக்கு அழைத்து, கோட்டைக் கலியாணத்தை வீடியோவில் காட்டுவதாக ஏற்பாடு.

மணமக்களிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. ஆதிரை, "நாங்கள்தான் பங்குனியிலை பதிவுக் கந்தோரிலை எழுத்து முடிக்கப் போறமே அப்பா, பேந்து ஒரு சாப்பாடு வைச்சால் காணாதோ?" என்றாள். நாகமுத்து அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை பிருந்தன் ஹனோவரில் பொறியியலாளர். கோட்டை முகவர் அனுப்பிய பத்துப் பக்கக் கடிதத்தில் அவன் கடைசிப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தான். கலியாணம் முடிந்ததும் மணமக்கள் கடலைப் பார்த்த ஒரு சின்ன வீட்டில் ஐந்து நாள் தேனிலவுக்குத் தங்கலாம் என்று அதில் இருந்தது.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது விமானச் சீட்டுப் போடுபவர் எல்லோருடைய கடவுச்சீட்டையும் கேட்டார். அப்போதுதான் இடி விழுந்தது. நாகமுத்து குடும்பமும் மாப்பிள்ளை வீட்டாரும் சுந்தரேஸ்வரியும் ஜேர்மன் கடவுச்சீட்டுக்காரர். கோயில் ஐயரிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு.

"அயர்லாந்திலையும் யூரோதானே? பேந்தென்ன விசா?" என்று நாகமுத்து தொலைபேசியில் கத்தினார். காசு ஒன்றானால் நாடும் ஒன்றுதான் என்று அவர் மட்டுமல்ல, ஐயரும் நம்பியிருந்தார். விசாரித்தபோது விசாவுக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுத்தால் எட்டுக் கிழமை ஆகும் என்று தெரிந்தது. நாகமுத்து லண்டன், பாரிஸ், சூரிச் என்று ஐயர்மாரைத் தேடினார். ஆனால் அது நல்ல முகூர்த்த நாள். நல்ல முகூர்த்தத்தில் சும்மா இருக்கும் ஐயர் ஐரோப்பாவிலேயே இல்லை.

கடைசியில் ஐயரே வழி சொன்னார்.

"நான் முழு மந்திரத்தையும் சீடியிலை பதிஞ்சு தாறன். மந்திரம் எண்டால் குரல்தானே? குரல் வந்தால் காணும். ஆனா எந்த இடத்திலை நிப்பாட்டுறது, எந்த இடத்திலை விடுறது எண்டு தெரிஞ்ச ஆள் ஒண்டு வேணும்."

"அப்பிடி ஆர் ஐயா இருக்கினம்?"

"சுந்தரேஸ்வரி இருக்கிறா. நான் எதையும் விட்டிட்டால் பின்னாலை நிண்டு கண்ணைக் காட்டுறது அவதான்."

அன்று பின்னேரம் சுந்தரேஸ்வரி வீட்டில் விசயத்தைச் சொன்னபோது அவள் கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"அப்ப நீர் ஐயராகப் போறீரோ?"

"பொத்தான் அமத்தப் போறன்," என்றாள் சுந்தரேஸ்வரி.

கோல்வே பக்கத்து நாட்டுப்புறத்தில் அந்தக் கோட்டை நின்றது. சஞ்சிகையில் அடித்த வெயிலைக் காணவில்லை. பேருந்தை விட்டு இறங்கிய நாற்பத்தொரு பேரையும் பக்கவாட்டில் பெய்யும் மழை ஒன்று வரவேற்றது. குடையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் எல்லோரும் சுழன்றார்கள். சுற்றிவர மதில் மதிலாக அடுக்கிய கல், கல்லுக்குப் பின்னால் புல், புல்லில் செம்மறியாடுகள். கோட்டையில் பாதிதான் பழையது. மறுபாதியை இப்படிப்பட்ட கலியாணங்களுக்காகச் சமீபத்தில் கட்டிப் பழையதுபோலப் பாசி பிடிக்க விட்டிருந்தார்கள்.

ஏற்பாடுகளைக் கவனிக்கும் டொறத்தி என்ற பெண் வாசலில் நின்றாள். நல்ல மனுசி. குத்துவிளக்கைக் கண்டு கைதட்டினாள். அம்மி மிதிக்கக் கல் வேண்டும் என்றதும் தானே போய் மதிலிலிருந்து ஒரு கல்லை உருட்டிவந்தாள். ஓமகுண்டத்தைக் கண்டதும் அவள் முகம் மாறியது. ஆதிரை மொழிபெயர்த்தாள்.

"மண்டபத்துக்குள்ளை நெருப்பு வைக்க ஏலாதாம். காப்புறுதிக்காரர் விடமாட்டினமாம். நெருப்பு எண்டால் உந்தக் குளிர்காயிற அடுப்பிலை மட்டும்தானாம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மண்டபத்தின் கடைசிச் சுவருக்குள் ஆள் நிற்கக்கூடிய உயரத்தில் ஒரு கல்லடுப்பு இருந்தது. சேற்று நிலத்தில் வெட்டிக் காயவைத்த கறுத்த மண்கட்டிகள் அதற்குள் புகைந்துகொண்டிருந்தன.

மாப்பிள்ளையின் தாய் புஷ்பா முன்னால் வந்தாள். ஹனோவர் தமிழரிடையே ஆசாரத்துக்குப் பேர்போனவள்.

"அக்கினி இல்லாமல் என்ரை பிள்ளை தாலி கட்டமாட்டான்."

"அடுப்பிலை இருக்கிறதும் அக்கினிதானே சம்பந்தி," என்றார் நாகமுத்து.

"இருக்கட்டும். ஆனா அடுப்பு சுவருக்குள்ளை இருக்குது. அக்கினியை என்னெண்டு வலம் வாறது? சுவருக்குள்ளாலை போறதோ?"

நாகமுத்துவுக்குக் குதிரை வண்டி நினைவுக்கு வந்திருக்க வேண்டும், முகம் கறுத்தது. சுந்தரேஸ்வரி வாசலில் கிடந்த குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சற்று நேரம் கழித்து மறுபக்க வாசலால் உள்ளே வந்தாள். சீலைக் கரை நனைந்திருந்தது.

"வலம் வரலாம் அண்ணை," என்றாள். "வெளியாலை பாதை இருக்குது. கோட்டையைச் சுத்தி வந்தால் அடுப்பு வலப்பக்கமாத்தான் இருக்கும். ஒரு சுத்துக்கு நாலு நிமிசம்."

புஷ்பா வாயைத் திறந்தாள். சாஸ்திரத்தில் எந்தப் பிழையும் உடனே கிடைக்காததால் மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆதிரையை வெளிக்கிடுத்தி முடித்தபோது சுந்தரேஸ்வரியின் கைகள் வழக்கமான வேலையைத்தான் செய்தன. ஆனால் தன் இடுப்பில் சீலைக்குள் சீடிப்பெட்டியின் தூர இயக்கியைச் சொருகிய பிறகு, அது விழுந்துவிடுமோ என்று மூன்று தரம் தொட்டுப் பார்த்தாள். மணவறைக்கு முன்னால், ஐயர் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கதிரை போட்டுச் சீடிப்பெட்டியை வைத்திருந்தார்கள். நாகமுத்து அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, தட்டில் வேட்டியும் வெற்றிலை பாக்கும் தேங்காயும் தட்சணையாக முன்னால் வைத்தார்.

புஷ்பாவுக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. "கடைசியிலை ஒரு பொம்பிளையோ கலியாணத்தை நடத்திறது?" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"அவ எங்கை நடத்திறா?" என்றார் நாகமுத்து. "நடத்திறது சீடி. அவ பொத்தான்தான் அமத்துறா."

அந்த விளக்கம் சபைக்குத் திருப்தியாக இருந்தது.

ஐயரின் குரல் கணீரென்று எழுந்தது. பிள்ளையார் பூசை, காப்புக் கட்டல், தாரை வார்த்தல் எல்லாம் பிசகில்லாமல் நடந்தன. பெண்ணின் தகப்பன் தண்ணீர் வார்க்கச் சுணங்கினால் சுந்தரேஸ்வரி இடுப்பைத் தொடுவாள், ஐயர் நின்றுவிடுவார். வார்த்ததும் மீண்டும் தொடுவாள், ஐயர் தொடர்வார். பதினைந்து ஆண்டுகளில் அந்த ஐயர் அவள் சொல்லி நின்றது இதுதான் முதல் தடவை. அவளுக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது. அந்த இடத்தில் சிறிது ருசியும் சேர்ந்துகொண்டது.

தாலி கட்டும் நேரம் வந்தது. பிருந்தன் எழுந்து தாலிக்கொடியை ஆதிரையின் கழுத்தருகே கொண்டுபோனான். ஐயர் மந்திரத்தின் முதல் சொல்லைத் தொடங்கினார். அதோடு சீடிக்குள் வீட்டு மணி அடித்தது.

"இஞ்சேருங்கோ," என்றது ஐயரின் மனைவியின் குரல், கோட்டை முழுக்க. "கீழ்வீட்டுக்காரி நிக்கிறா. காரைக் கொஞ்சம் தள்ளி விடட்டாம்."

"பொறுக்கச் சொல்லு," என்றார் ஐயர்.

"அவ பொறுக்கமாட்டாவாம். டொக்டரிட்டை டெர்மின் இருக்காம்."

பிறகு நாற்காலி இழுபடும் சத்தம், கதவுச் சத்தம், அதன் பிறகு மௌனம். ஐயர் காரைத் தள்ளப் போய்விட்டார். பிருந்தன் தாலியைப் பிடித்தபடி நின்றான். சுந்தரேஸ்வரி பொத்தானை அமத்தினாள். பதற்றத்தில் விரல் தவறிப்போய், பெட்டி ஆசீர்வாதத்துக்குத் தாவியது. "தீர்க்க சுமங்கலியாய் இருக்க வேணும்" என்று ஐயர் கட்டாத தாலிக்கு வாழ்த்துச் சொன்னார். அவள் பெட்டியை நிறுத்தினாள்.

முகூர்த்தம் முடிய ஆறு நிமிடம் இருந்தது. ஆதிரை கழுத்தைத் திருப்பாமல், "அன்ரி," என்றாள் மெதுவாக. அவ்வளவுதான்.

சுந்தரேஸ்வரி மந்திரத்தைச் சொல்லத் தொடங்கினாள். அவள் அதை ஒருநாளும் படித்ததில்லை. முந்நூறு தடவை, ஒரு முழ தூரத்தில் நின்று, வாயில் ஊசியோடு கேட்டிருக்கிறாள். அடக்கமான குரலில், குனிந்து பெண்ணின் பூவைச் சரிசெய்வதுபோல, கடைசிச் சொல் வரை சொன்னாள். பிருந்தன் மூன்று முடிச்சுப் போட்டான். கெட்டிமேளச் சீடியைப் போட நேரமில்லை. நாகமுத்து ஒரு தாம்பாளத்தை எடுத்துத் தட்டினார், மற்றவர்கள் கையில் கிடைத்ததை எல்லாம் தட்டினார்கள். பரிமாறும் அயர்லாந்துப் பெடியள் கரண்டியோடு சேர்ந்துகொண்டார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் பெட்டி திருந்திவிட்டது என்றே நினைத்தார்கள். முன்வரிசையில் இருந்த புஷ்பா மட்டும் சுந்தரேஸ்வரியின் உதடு அசைந்ததைக் கண்டாள். அதன் பிறகு அவளை ஐயரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பிறகு வலம். மணமக்கள் முன்னால், கூறைச்சீலையைச் சேற்றில் படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி சுந்தரேஸ்வரி, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் எல்லோரும், மழை. அருந்ததி பார்க்கும் இடத்தில் அவள் வானத்தைக் காட்டினாள். அந்தத் திசையில் வெள்ளையாகத் தெரிந்தது ஒரு செம்மறியாடு மட்டும்தான். இரண்டாம் சுற்றில் டொறத்தி பெரிய கறுத்தக் குடையோடு வந்து சேர்ந்தாள். மூன்றாம் சுற்றில் நாயோடு அந்த வழியால் வந்த ஒரு கிழவர், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நடந்தார். செத்த வீடு என்று நினைத்தாரோ என்னவோ, முடிவில் நாகமுத்துவின் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆதிரை தலைப்பூவைக் கழற்ற அறைக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அன்ரி, தேனிலவு வீட்டிலை மூண்டு அறை இருக்குதாம். மாமி கண்டுபிடிச்சிட்டா. சும்மா கிடக்கிற அறைதானே, நாங்களும் வந்து நிக்கிறம் எண்டு சொல்லுறா. மாமாவும் வாறாராம். அப்பாவும் யோசிக்கிறார்."

"பிருந்தன் என்ன சொல்லுறார்?"

"அவர் போய் மழையிலை நிக்கிறார்."

சுந்தரேஸ்வரி ஊசிகளைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். வேறு நாளாக இருந்தால், "அது உங்கடை குடும்ப விசயம் பிள்ளை," என்று சொல்லியிருப்பாள். அன்று காலை ஒரு ஐயரை நிறுத்தி நிறுத்தி ஓட்டிய கை அது. நேரே புஷ்பாவிடம் போனாள். புஷ்பா பயணப்பெட்டியில் குளியல் துவாய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்கள் அங்கை தங்கக் கூடாது."

"ஏன் கூடாது?"

சுந்தரேஸ்வரிக்குக் காரணம் எதுவும் தயாராக இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"மூண்டு தரம் வெளிவலம் வந்த கலியாணத்திலை, மாப்பிளையின்ரை தாய் தகப்பன் மூண்டு இரவுக்கு அவையோடை ஒரு கூரைக்குக் கீழை படுக்கக் கூடாது. தாலிக்கு ஆகாது."

புஷ்பாவின் கையில் துவாய் நின்றது. காலையில் அசைந்த அந்த உதட்டையே பார்த்தாள்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"வெளிவலம் வாற கலியாணம் குறைவு அக்கா. அதாலை கனபேருக்குத் தெரியாது."

புஷ்பா துவாய்களைத் திரும்ப எடுத்தாள். பெண்ணைப் பெற்றவர்களுக்கும் அந்த விதி பொருந்தும் என்று அவளே தீர்மானித்து நாகமுத்துவிடம் அறிவித்தாள்.

விமானத்தில் சுந்தரேஸ்வரி கண்ணை மூடினாலும் தூங்கவில்லை. தெய்வத்தின் பேரில் பொய் சொன்னது பாவம் என்று நினைத்தாள். எவ்வளவு இலேசாக வந்தது என்றும் நினைத்தாள். ஐயர்மாருக்கும் முதல் தடவை இப்படித்தான் இருந்திருக்குமோ என்று யோசித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து ஆசனக்காரர் திரும்பிப் பார்த்தார்.

தேனிலவு ஐந்து நாளும் மழை பெய்ததாம். மணமக்கள் அதைப் பற்றி எந்தக் குறையும் சொல்லவில்லை.

ஆனியில் ஹம்பேர்க் மண்டபத்தில் வீடியோ ஓடியது. அறுநூறு பேர் பார்த்தார்கள். கோட்டையைக் கண்டு யாரும் அவ்வளவு மயங்கவில்லை. குதிரை வண்டி மச்சான், "கூரை ஒழுகுது போலை," என்று மட்டும் சொன்னார். சபை வாய் பிளந்தது வெளிவலத்தைக் கண்டுதான். குடைகளும் ஆடுகளும் தொப்பி கழற்றிய கிழவரும் திரையில் போனபோது, இது ஏதோ பழைய பெரிய குடும்பத்து வழக்கம் என்று பேச்சு எழும்பியது. மூன்று இரவு விதியைப் புஷ்பா மேசை மேசையாக விளக்கினாள். தனக்கு முன்பே தெரியும் என்ற பாவனையில்.

சந்தேகப்பட்ட இரண்டொரு மாப்பிள்ளைத் தாய்மார் மறுநாளே ஐயருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அப்படி ஒரு விதி உண்டோ என்று கேட்டார்கள். ஐயர் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். "ஓம்," என்றார். "சில குடும்பங்களிலை உண்டு."

அடுத்த வைகாசிக்குள் அந்தச் சில குடும்பங்கள் பெருகிவிட்டன. ஹம்பேர்க்கின் தொழிற்பேட்டையில், தளபாடக் கடைக்குப் பக்கத்து மண்டபத்தில் ஒரு கலியாணம் நடந்தது. மணமக்கள் கார்த் தரிப்பிடத்தைச் சுற்றி மூன்று வலம் வந்தார்கள். சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஜேர்மன்காரர் வழிவிட்டு நின்றார்கள். வெளிவலம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது மணப்பெண்தான். அதன் பிறகும் எல்லா இடத்திலும் பெண்கள்தான் அதைக் கேட்டார்கள். மாப்பிள்ளைகள் எதிர்க்கவில்லை.

பிரேமனில் ஒரு கலியாணத்துக்கு முன், அலங்கார அறை வாசலில் ஐயர் சுந்தரேஸ்வரியைத் தனியே கூப்பிட்டார்.

"அந்த மூண்டு இரவு விசயம். உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவள் வாயிலிருந்த ஊசியை எடுத்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா. அந்த நேரம் வாயிலை வந்தது."

ஐயர் தலையை ஆட்டினார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வந்தது நல்லதாத்தான் வந்திருக்குது. என்ரை மூத்தவளுக்கு ஆவணியிலை கலியாணம். மாமியார் கொஞ்சம் கடுமையான ஆள்." சற்று யோசித்தார். "மூண்டு காணாது. ஏழு இரவு எண்டு வைச்சால் என்ன?"

"ஐயா சொன்னால் சரி," என்றாள் சுந்தரேஸ்வரி. ஊசியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு பெண்ணிடம் போனாள்.